குடையை மறந்து போனவர் பற்றிய விசாரணை

குமரவேலின் மனைவி விஜயலட்சுமி ஒரு பாட்டுப் பாடினாள். சுரங்க நகரியத்தில் அதற்கு முன்பும் மனைவிகள் பாடியிருக்கிறார்கள். அதற்காக யாரும் விசாரணை வைத்ததில்லை.

அவள் அதை அடுப்படியில் பாடினாள். ஊரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி போனில் பிடித்து, மீன்குழம்பு கொதிக்கிற சத்தத்தோடு சேர்த்து வெளியே விட்டான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் பாட்டு பண்ருட்டி பஸ்ஸில் ஓடியது. மந்தாரக்குப்பம் டீக்கடைகளில் ஓடியது. சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் ஓட்டுநரே பாடினார்.

பாட்டு பெரிதல்ல.

*குடைய மறந்து போனவரே,*
*மழ வந்தா வருவீங்கன்னு*
*வெயில்ல நின்னு பாத்துகினு இருந்தேன்.*
*மழயும் வந்துது, குடயும் இருக்குது,*
*நனஞ்சிகினு எங்கதான் போனீங்க.*

அவ்வளவுதான். கடைசி வரியில் மெட்டு மேலே ஏறும் என்று காத்திருப்போம். ஏறாது. இறங்கும். அந்த இறக்கத்தில்தான் எல்லோரும் விழுந்தார்கள்.

குமரவேலும் விழுந்தான். ஆனால் அவன் விழுந்தது வேறு பள்ளத்தில். அவன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன். பர்மனென்ட். எதையும் மறக்கிற ஆள் இல்லை. கார்த்திகை முடிந்த பிறகும் வண்டிப் பெட்டியில் மழைக்கோட்டு வைத்திருப்பான். ஆகவே போனவன் அவன் இல்லை. எவனோ ஒருவன் போயிருக்கிறான்.

"யாரு அது?" என்று கேட்டான்.

"எது?" என்றாள் விஜயலட்சுமி.

"அந்தக் குட."

"அது பாட்டுங்க."

"பாட்டுதான். ஆளு யாரு?"

"சோறு கட்டியாச்சு. பஸ் வந்துரும், கெளம்புங்க."

அவள் இன்னொருவனை நினைத்திருந்தாள் என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. கல்யாணத்துக்கு முன்பு யாருக்கும் ஏதாவது இருக்கும். அவனுக்கே நெல்லிக்குப்பத்தில் ஒன்று இருந்தது. அவனை அறுத்தது வேறு. இத்தனை வருஷத்தில் அவனும் எவ்வளவோ செய்திருக்கிறான். அவள் வளையலை அடகு வைத்து மூழ்கவிட்டான். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கே வரவில்லை. அவள் அப்பா செத்தபோது ஓவர்டைம் போட்டான். எதற்கும் அவள் பாட்டுக் கட்டவில்லை. எவனோ ஒரு குடையை விட்டுவிட்டுப் போய் இவ்வளவு துக்கத்தைச் சம்பாதித்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் நகரியப் பண்பாட்டு மன்றம் உள்ளே வந்தது.

மன்றம் ஆண்டு விழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும். இந்த ஆண்டு இதைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு பிரிவும் இதன் கவர் வெர்ஷன் ஒன்றைத் தர வேண்டும் என்று அறிவித்தது. பாடுகிறவருக்குக் குரல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிரிவுத் தலைவரின் ஒப்புதல் இருந்தால் போதும்.

மின்நிலையத்துக்காரர்கள் நாதஸ்வரம் வைத்துப் பாடினார்கள். கேட்டவர்கள் பந்தி எங்கே என்று தேடினார்கள். காவல் பிரிவு அணிவகுப்பாகப் பாடியது. 'நனஞ்சிகினு' என்ற சொல்லுக்கு நான்கு அடி வைத்தார்கள். முடிவில் சல்யூட். கணக்குப் பிரிவு ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பாடியது. இரண்டாவது தடவை சரிபார்ப்புக்கு. மகளிர் கழகம் பஜனையாக்கியது. போனவர் கண்ணன் என்றார்கள். அதிகாரி ஒருவரின் மகன் கிடாரோடு வந்து கண்ணை மூடிக்கொண்டான். பெங்களூரில் படிக்கிற பையன். மழை என்றால் அவனுக்குப் போக்குவரத்து நெரிசல். அது குரலில் தெரிந்தது.

குமரவேல் ஒரு ஒத்திகையையும் விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தான். கணக்குப் பிரிவில் ஒருவர் 'போனவரே' என்ற இடத்தில் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். இரண்டு தடவையும் விட்டார். குமரவேல் பஸ் ஸ்டாண்டு வரை அவர் பின்னால் போனான். தூறல் போட்டது. அவர் பையிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் இல்லை.

கடைசியாகக் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பாடினார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். இரண்டு தப்பு மேளம், ஒரு குரல். பாடியவன் பெயர் சிலம்பரசன். குரலை எங்கும் உயர்த்தவில்லை. தப்பும் கடைசி வரிக்கு முன்பே நின்றுவிட்டது. அந்த வரியை அவன் தனியாக இறக்கினான். அரங்கில் விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி அடுக்க வந்தவர் நாற்காலியோடு நின்றார்.

குமரவேல் வெளியே அவனைப் பிடித்தான். பையன் நல்ல நிறம் இல்லை, உயரம் இல்லை. ஆனால் அந்தக் குரல் போதும்.

"ஒனக்கு எந்த ஊரு?"

"சேத்தியாத்தோப்புப் பக்கம்ணே."

அவளுக்கும் சேத்தியாத்தோப்புப் பக்கம்தான்.

"குட வச்சிருக்கியா?"

"இல்லண்ணே. வாங்குனா யாராச்சும் எடுத்துகினு போயிடறாங்க."

"விஜயலட்சுமியத் தெரியுமா?"

சிலம்பரசன் அவனை உற்றுப் பார்த்தான். "பாட்டுக் கட்டுன அக்காவா? பாத்ததே இல்லண்ணே. நீங்க அவங்க வூட்டுக்காரரா?" "போனவன் பேரச் சொல்லு," என்றான் குமரவேல். "எங்கூர்ல ஒவ்வொருத்தருக்கும் வரேன்னு சொல்லிட்டு ஒண்ணு போயிருக்குதுண்ணே. ஆளு, வேல, நெலத்துக்குத் தண்ணி. பாடறப்ப அவங்கவங்க அதது நெனச்சிக்கறாங்க. நீங்க பேரு கேக்கறீங்க. எதச் சொல்றது?"

குமரவேலுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. இதில் அடிக்கிறதற்கு ஆள் இல்லை.

மன்றத்துக்கும் பிடிக்கவில்லை. ஒரே பாட்டுக்குப் பல பொருள் வந்துவிட்டது. கண்ணன் என்கிறது ஒரு பிரிவு, எல்லையில் இறந்த தோழன் என்கிறது இன்னொன்று. பொருள் முடிவாகாத பாட்டை மேடை ஏற்ற முடியாது என்று தலைவர் சண்முகசுந்தரம் தீர்மானித்தார். விசாரணை வைத்தார்.

சண்முகசுந்தரம் முப்பது வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். விபத்து விசாரணை மட்டும்தான் தெரியும். ஆனால் அது நன்றாகத் தெரியும்.

"ஒரு பாட்டு இருக்கிறது," என்று தொடங்கினார். "அதில் ஒரு பிரிவு நடந்திருக்கிறது. நடந்த இடம் இல்லை, நேரம் இல்லை, பொறுப்பாளி இல்லை. ஒரு பெல்ட் அறுந்தால்கூட நாம் இவ்வளவு அலட்சியமாக எழுத மாட்டோம். மழை வரும் என்று தெரிந்திருக்கிறது. எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை. ஒருவர் பாதுகாப்புச் சாதனத்தை விட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார். இன்னொருவர் வெயிலில் நின்றிருக்கிறார். யார் அனுமதித்தது? இது சோகம் இல்லை, ஐயா. இது இரண்டு விதிமீறல்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

முதலில் கான்ட்ராக்ட் குழுவின் பாட்டை எடுத்துக்கொண்டார். நன்றாக இருந்ததை அவர் மறுக்கவில்லை. "அதுதான் சிக்கல். கேட்டவர்கள் மறுநாளும் அழுதிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு நிரந்தரத் துக்கம் வழங்க நம் விதியில் இடம் இல்லை. பதினோரு மாதம் துக்கப்படலாம். பிறகு ஒரு இடைவெளி விட்டுப் புதிதாகத் துக்கப்படலாம். தொடர்ந்து துக்கப்பட அனுமதித்தால் நாளைக்கு அதையே காட்டி உரிமை கேட்பார்கள்." சிலம்பரசன் குழு நீக்கப்பட்டது. அவன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பி ஷிப்டுக்குப் போய்விட்டான்.

பிறகு குமரவேலைக் கூப்பிட்டார்கள். விஜயலட்சுமியும் கூட வந்திருந்தாள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தார் உள்ளே வர வழியில்லை. அவள் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள்.

"பாட்டு யாருடையது?" என்று கேட்டார் சண்முகசுந்தரம்.

"என் சம்சாரம் கட்டுனதுங்க."

"அவர் பணியாளரா?"

"இல்லீங்க. டிபெண்டென்ட்."

"அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் யார் நம்பர் சொல்வீர்கள்?"

"என் நம்பருங்க."

"பாட்டு வந்தாலும் அப்படித்தான். இது உங்கள் பாட்டு. இப்போது சொல்லுங்கள். பிரிந்து சென்றவர் யார்?"

"அதுதாங்க நானும் கேட்டுகினு இருக்கேன்."

"உங்கள் பாட்டில் யார் என்று உங்களுக்கே தெரியாது?"

"தெரியாதுங்க."

"வெளியே இருக்காங்களே, அவங்ககிட்ட கேட்டா என்னாங்க?" என்றான் பாவாடை. குமரவேலோடு பெல்ட்டில் நிற்கிறவன், துணைக்கு வந்தவன்.

"டிபெண்டென்டின் வாக்குமூலத்தைப் பதிய விதி இல்லை," என்றார் சண்முகசுந்தரம். "விதி இருந்தாலும் அவர் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவார். அவர் சம்பந்தப்பட்டவர்."

ஆகவே மன்றம் பொது அறிவிப்புச் செய்தது. பாட்டில் பிரிந்து சென்றவர் நேரில் வந்து ஒப்புக்கொள்ளலாம். நடவடிக்கை இல்லை. ஆண்டு விழாவில் பொன்னாடை உண்டு.

அடுத்த அமர்வில் மன்ற வாசலில் வரிசை நின்றது.

குமரவேல் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். கணக்குப் பிரிவுக்காரர் இருந்தார், பெருமூச்சோடு. பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் எந்தக் காலத்திலோ குடை தொலைத்ததற்கு இரண்டு சாட்சி கூட்டி வந்திருந்தார். நெல்லிக்குப்பம் ஆலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நேர்மையாகச் சொன்னார்: "எனக்கு அந்தம்மாவ ஞாபகம் இல்லீங்க. ஆனா நான் நெறய பேர வுட்டுட்டு வந்திருக்கேன். அதுல ஒருத்தியா இருக்கலாம்."

"பொறுப்புணர்ச்சி," என்றார் சண்முகசுந்தரம். "இதுதான் நமக்கு வேண்டும்."

பாவாடை குமரவேலின் காதில் சொன்னான்: "என்னாடா இது, ரேஷன் கடையில பாமாயிலு போட்ட மாதிரி நிக்கறானுங்க. ஒன் பொண்டாட்டிய வுட்டுட்டுப் போறதுக்கு இத்தினி பேரா?"

குமரவேல் எழுந்தான். அவன் அதைத் திட்டமிடவில்லை. மண்டிக்காரர் மேசைக்கு முன்னால் போய்த் தலைமுடியைக் கோதிக்கொண்டதைப் பார்த்தான். அதுதான் காரணம்.

"நான்தான் போனேன்," என்றான்.

அரங்கம் திரும்பியது.

"எங்கே போனீர்கள்?" என்றார் சண்முகசுந்தரம்.

"டூட்டிக்கு."

"குடை?"

"மறந்துட்டேன்." வாழ்க்கையில் அவன் சொன்ன பெரிய பொய் அது. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

"மழை வந்தபோது?"

"வரல. நனஞ்சிகினே போய்ட்டேன்."

"பிறகு?"

"பெறவும் வரல."

"இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"வூட்லதாங்க. குவார்ட்டர்ஸ்ல."

சண்முகசுந்தரம் பேனாவை வைத்தார். உறுப்பினர்களைக் கலந்தார். இவ்வளவு பேரில் பணியாளர் நம்பரும் பாட்டும் பொருந்தி வருவது இவனுக்கு மட்டும்தான். ஒரு இடம்தான் இடித்தது. திரும்பி வராதவர் வீட்டில் இருக்கிறார்.

"மிஸ்டர் குமரவேல்," என்றார். "பிரிந்து சென்றவர் நீங்கள்தான் என்று மன்றம் முடிவு செய்கிறது. முடிவு ஒன்றாகவும் நிலவரம் இன்னொன்றாகவும் இருந்தால், நாம் மாற்ற வேண்டியது நிலவரத்தை. முடிவில் கையெழுத்து ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சேர்ந்து கத்திரிக்காய் வாங்குவதைப் பார்த்தால் இந்தப் பாட்டை யார் நம்புவார்கள்? அரங்கத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. விழா முடியும் வரை அங்கே இருங்கள். விசிறி உண்டு."

குமரவேல் வெளியே வந்தான். விஜயலட்சுமி மடியிலிருந்து கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"நான் ஒன்ன வுட்டுட்டுப் போய்ட்டேன்."

"எப்ப?"

"அதக் கேக்கல."

அவள் யோசித்தாள். "லுங்கி எத்தினி எடுத்துக்கறீங்க?"

அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஒரு சொல்லாவது கேட்பாள் என்று நினைத்தான். அவள் மூன்று லுங்கியும் சோப்பும் ஒரு ஊறுகாய் பாட்டிலும் கட்டிக் கொடுத்தாள். பாட்டிலை நிமிர்த்தியே வைக்கும்படி சொன்னாள்.

அறையில் கேரம் போர்டுகள் அடுக்கியிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்திகை. டூட்டி முடிந்து வந்து படுத்தால் நாதஸ்வரம். திரும்பிப் படுத்தால் அணிவகுப்பு. எல்லாப் பிரிவும் அவனைப் பார்த்துத்தான் பாடின: எங்கதான் போனீங்க, எங்கதான் போனீங்க. இங்கேதான் இருந்தான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது. ஷிப்ட் பஸ்ஸில் ஆட்கள் இடம் கொடுத்தார்கள். "இவருதான் அவரு," என்று காட்டினார்கள். பெண்கள் அவனைக் கோபமாகப் பார்த்தார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தன்னை நினைத்து ஒருத்தி வெயிலில் நின்றாள் என்று அவனே பாதி நம்பத் தொடங்கினான். பழையவன் எவனாக இருந்தாலும் அவனிடம் கையெழுத்து இல்லை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு சண்முகசுந்தரம் பாட்டின் அதிகாரபூர்வ வடிவத்தை வெளியிட்டார். குடை, மன்றம் ஏற்ற பாதுகாப்புச் சாதனங்களில் இல்லை. ஆகவே 'ஹெல்மெட்ட மறந்து போனவரே' என்று திருத்தினார். வெயிலில் நின்றதை நிழலில் நின்றதாக மாற்றினார். கடைசி வரி கேள்வியாக இருந்தது. பதில் இல்லாத கேள்வியை விழாவில் எழுப்ப வேண்டாம் என்று 'நல்லபடியா போய் வாங்க' என்று முடித்தார். மெட்டு மேலே ஏறியது.

எல்லாப் பிரிவும் சேர்ந்து அதைப் பாடின. மேடையின் ஒரு கோடியில் குமரவேல், மறு கோடியில் விஜயலட்சுமி. இடையில் பதினான்கு அதிகாரிகள். சண்முகசுந்தரம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"இவர் பிரிந்து சென்றார்," என்றார் ஒலிபெருக்கியில். "தன் நலம் கருதாமல் பிரிந்து சென்றார். இவர் வீட்டிலேயே இருந்திருந்தால் நமக்கு இந்தப் பாட்டு ஏது? ஒவ்வொரு பணியாளரும் இவரைப் போல ஒரு படைப்புக்குக் காரணமாக இருக்க முன்வர வேண்டும். துக்கப்பட்ட அம்மாவுக்கும் நன்றி. அவர் பெயர் நேரமின்மையால் விடுபடுகிறது."

மறுநாள் குமரவேல் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க மன்றத்துக்குப் போனான்.

"அதில் ஒரு சிக்கல்," என்றார் சண்முகசுந்தரம். விழா முடிந்ததோடு விசாரணைக் குழு கலைந்துவிட்டது. அந்தக் குழுவின் முடிவை அந்தக் குழுதான் மாற்ற முடியும். அடுத்த குழு அடுத்த ஆண்டு விழாவுக்கு. "ஒரு வழி இருக்கிறது. உண்மையில் பிரிந்து சென்றவர் வேறு ஒருவர் என்று பெயரோடு சொல்லுங்கள். பெயர் பிழை என்று நானே திருத்திவிடுவேன். குழு தேவையில்லை. உடனே வீட்டுக்குப் போகலாம்."

"யாரு சொல்லணும்?"

"நீங்கள்தான். உங்கள் பாட்டு."

குமரவேல் சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனான். கேட்டுக்கு வெளியே நின்றான். விஜயலட்சுமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"ஊறுகாய் தீந்துருச்சா?" என்றாள்.

"பேரு வேணுமாம்."

"யாருக்கு?"

"மன்றத்துக்கு. நெசமா போனவன் பேரு. சொன்னா நான் வூட்டுக்கு வந்துரலாம்."

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே வந்தாள். "மன்றத்துக்கு வேணும். ஒங்களுக்கு?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆளு இருக்குதுங்க," என்றாள் அமைதியாக. "இல்லாமப் போவல. இத்தினி நாளு நீங்க கேட்ட மாதிரி கேட்டீங்க, எனக்குச் சொல்லப் பிடிக்கல. இப்ப ஒண்ணும் இல்ல. ஊரு, பேரு எல்லாம் சொல்லிடறேன். சொல்லட்டா?"

இத்தனை மாதம் அவன் வேண்டியது இதுதான். இதற்காக அவன் கணக்குப் பிரிவுக்காரர் பின்னால் மழையில் நடந்தான். அவள் வாய் திறந்தால் இன்றைக்கு ராச்சோறு வீட்டில். ஆனால் வாய் திறந்த நிமிஷத்தில் வெயிலில் நின்றது, காத்திருந்தது, அந்தக் கடைசி வரி இறங்கியது எல்லாம் அந்தப் பெயர்க்காரனிடம் போய்விடும். எவனோ எங்கேயோ சும்மா உட்கார்ந்திருப்பான், அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"வேணாம்," என்றான் குமரவேல்.

"அப்ப வூட்டுக்கு எப்பிடி வருவீங்க?"

"அடுத்த வருஷம் குழு போடறாங்க."

அவள் அவனை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது போலிருந்தது. "இருங்க, கொழம்பு ஊத்தித் தரேன்," என்று உள்ளே போனாள்.

அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் முனகினாள். பழைய மெட்டு இல்லை. அவன் கேட்டிராத ஒன்று. கரண்டியால் தட்டித் தாளம் வேறு.

"புதுசா?" என்று குரல் கொடுத்தான்.

"ஆமாங்க. இப்பத்தான் கட்டறேன்."

குமரவேல் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்தான். "இது யாரப் பத்தி?"

"இது ஒங்களப் பத்திதான். நீங்க போன பெறவு கட்டுனது."

அவன் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவள் முழுதாகப் பாடினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெளியே வந்து குதித்தன. ஓர் இடத்திலாவது குரல் இறங்குகிறதா என்று அவன் கடைசி வரி வரைக்கும் காத்திருந்தான். இறங்கவில்லை.